கழுகுத் தலையும் என் 4,000 ராண்டும்: டர்பன் தமிழர்களின் கவனத்திற்கு

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், என்னை ஏமாற்றிய அதே மனிதர் சென்ற வாரம் வேறொரு எண்ணிலிருந்து சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மைத்துனரை அழைத்து, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க மனம் வரவில்லை.

என் மளிகைக் கடையில் சில மாதங்களாக வியாபாரம் படுத்துக் கிடந்தது. வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணே, கடைக்குக் கண் பட்டிருக்கு, தெரிஞ்ச வைத்தியர் ஒருத்தர் இருக்கார்" என்று ஒருவரை அழைத்து வந்தார். வந்தவர் தம்மைச் சங்கோமா என்றார். ஜூலு மரபில் குறி சொல்பவர் சங்கோமா. வேரும் பட்டையும் கொண்டு மருந்து செய்பவர் இன்யாங்கா. கொடுக்கும் மருந்துக்கு முத்தி என்று பெயர். குறி பார்க்க 500 ராண்ட் வாங்கினார். மறுநாள், கல்லாவுக்கு அடியில் வைக்க ஒரு பறவையிலிருந்து எடுத்த பொருளும், தணலில் தூவிப் புகையை இழுக்க ஒரு பொடியும் தருவதாகச் சொல்லி 3,500 ராண்ட் கேட்டார். புகையை இழுத்துவிட்டுப் படுத்தால் வரப்போவதெல்லாம் கனவில் தெரியுமாம், லாட்டரி எண் உட்பட. இது எந்தப் பறவை என்று கேட்டதற்கு, "தானாகச் செத்த பறவை, பாவமில்லை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கனவில் எண் வரும் என்ற பேச்சு இந்த ஊரில் எளிதில் எடுபடும். ஃபாஃபி என்ற எண் சூதாட்டம் ஆடிய பாட்டிமாரைக் கேளுங்கள், எந்தக் கனவுக்கு எந்த எண் என்று 36 எண்களுக்கும் ஒப்பிப்பார்கள்.

பொட்டலத்தை வீட்டில் என் மனைவி வெறுங்கையால் பிரித்தாள். ஜூலு செய்தித்தாள், அதற்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் சிவப்பு நூல் சுற்றிய உலர்ந்த தலை. கண்குழி இரண்டும் வெறுமையாக இருந்தன. வளைந்த அலகின் அடியில் சாம்பல் நிறப் பூந்தூவி ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சொந்த ஊர் திருக்கழுக்குன்றம். உச்சிவேளையில் மலைமேல் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்ட கழுகுகளைச் சிறுவயதில் பார்த்தவன் நான். இது வேறு இனம், உருவமும் பெரிது. ஆனாலும் பிணந்தின்னிக் கழுகு என்று அறிந்துகொள்ள எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். உண்மையான ஏமாற்று அங்கேதான் தொடங்கியது. "பொருள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. போலீசுக்குப் போனால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்?" என்று அமைதியாகக் கேட்ட அவர், அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக இன்னும் 2,000 ராண்ட் ஆகும் என்றார். வாங்கியவன் வாய் திறக்க முடியாது என்பதுதான் இவர்களுடைய மூலதனம். மிரட்டலில் பொய்யும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டமும், அதன்கீழ் 2007இல் வந்த விதிகளும், பாதுகாக்கப்பட்ட பறவையின் உறுப்பை அனுமதியின்றி வைத்திருப்பதையே குற்றமாக்குகின்றன; தண்டனை பத்து ஆண்டுச் சிறை, ஒரு கோடி ராண்ட் அபராதம் வரை போகலாம். அந்த 2,000 ராண்டை நான் கொடுக்கவில்லை.

வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக்கொண்டு மாகாண வனவிலங்குத் துறையிடம் நானே போய்ப் பொட்டலத்தை ஒப்படைத்து, வாக்குமூலம் கொடுத்தேன். அலுவலர் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்ட பிறகே அதைத் தொட்டார். காரணம் கேட்டேன். அவர் விளக்கினார். இந்த வியாபாரத்துக்குக் கழுகுகளைப் பெரும்பாலும் சுட்டுப் பிடிப்பதில்லை. செத்த மாட்டின்மீதோ மானின்மீதோ பூச்சிமருந்தைத் தடவிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பிணத்துக்கு நூறு கழுகுகள் இறங்கும் என்பதால் நூறும் அங்கேயே விழும். 2022 ஆகஸ்டில் குரூகர் பூங்காவில் நஞ்சு தடவிய எருமைப் பிணத்தைச் சுற்றிச் செத்துக் கிடந்தவை ஏறத்தாழ நூறு வெண்முதுகுப் பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகள். அவற்றில் சிலவற்றின் உறுப்புகள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. இப்பறவை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடுவது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2015இலேயே பட்டியலிடப்பட்டது. தானாகச் செத்த பறவை என்பதன் பொருள் இதுதான். பறவையைக் கொன்ற நஞ்சு அந்தப் பொடியிலும் இருக்கலாம், அதன் புகையை இழுப்பவரின் நெஞ்சுக்குள்ளும் போகலாம் என்று அவர் சொன்னபோது, பொட்டலத்தைப் பிரித்த அன்று மாலை முழுவதும் கை கழுவிக்கொண்டே இருந்த மனைவியின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. நல்லவேளையாக நாங்கள் புகை போடவில்லை.

வார்விக் சந்திப்பின் பாலத்தில் வேரும் பட்டையும் விற்றுப் பிழைக்கும் பெண்களை இதில் சேர்த்துப் பேச வேண்டாம். அவர்களில் ஒருவரிடம் நடந்ததைச் சொன்னபோது, என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது.

அந்த மனிதரின் முறை எல்லாரிடமும் ஒன்றுதான். முதல் அழைப்பில் பணத்தைப் பற்றிப் பேசமாட்டார்; கடை வாசலை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்வார். அடுத்த அழைப்பில், படத்தில் ஒரு நிழல் தெரிகிறது என்பார். நேரில் வரும்போது நம்மவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். ரொக்கம்தான் வாங்குவார், ரசீது கிடையாது. முழுத்தொகையும் கைக்கு வந்த பிறகே பொட்டலத்தைக் காட்டுவார். பொட்டலம் ஏற்கெனவே உங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால் பிரிக்காதீர்கள், குப்பையில் போடாதீர்கள், அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் போகாதீர்கள். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். நான் ஒன்பது நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்பது நாளும் அது என் கல்லாவுக்கு அடியில்தான் இருந்தது.