வார்ரம் பெர்சியா, காட்விக்கா?

ஊர் அழிந்துபோய், தேவாலயம் மட்டும் மிச்சம் நிற்கும் இடங்கள் இங்கிலாந்தில் நிறைய உண்டு. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் நான் வடக்கு யார்க்‌ஷயரின் வார்ரம் பெர்சிக்குத்தான் போகச் சொல்வேன். நார்ஃபோக்கின் காட்விக் அதற்கு அடுத்ததுதான்.

வார்ரமில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். பாதை சரிவு, மழை பெய்திருந்தால் வழுக்கும். பள்ளத்தாக்கில் கூரையில்லாமல் நிற்கிறது புனித மார்ட்டின் தேவாலயம். அதன் கோபுரத்தில் பாதி 1959இல் சரிந்துவிட்டது. பலரும் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து சுவர்களைப் பாருங்கள். வளைவுகளைக் கல் வைத்து அடைத்த தடம் தெரியும். ஊரில் ஆள் பெருகியபோது பக்கக் கூடங்களைக் கட்டினார்கள்; ஆள் குறைந்ததும் அவற்றை இடித்து வளைவுகளை மூடினார்கள். ஒரு ஊர் வளர்ந்து தேய்ந்த கதையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் சுவர் காட்விக்கில் கிடையாது.

1500 வாக்கில் ஆட்டு மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றினார்கள். ஆனாலும் பக்கத்து திக்ஸன்டேல் மக்கள் 19ஆம் நூற்றாண்டு வரை வழிபட இங்கேதான் வந்தார்கள். தேவாலயம் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது அவர்களால்தான். மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் ஜான் ஹர்ஸ்டும் 1950 தொடங்கி 40 வருடம், கோடைதோறும் இங்கே அகழாய்வு செய்தார்கள். அதனால் எந்தப் புல்மேடு வீடு இருந்த இடம், எது கொல்லை என்று விவரப் பலகையைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். கட்டணமும் இல்லை.

காட்விக்கில் தேவாலயம் என்று நிற்பது கோபுரத்தின் ஒரு பகுதிதான். அதிலும் 17ஆம் நூற்றாண்டில் கைவைத்திருக்கிறார்கள். இந்த ஊரை ஒரேயடியாகக் காலி செய்யவில்லை. ஈரம் வடியாத களிமண் நிலத்தில் விளைச்சல் சரியில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. 1597இல் கட்டிய பெரிய களஞ்சியத்தில் இப்போது கல்யாணங்கள் நடக்கின்றன. ஆனால் பழைய தெரு போன வழி புல்லுக்குள் நீளப் பள்ளமாக அப்படியே கிடக்கிறது. அதில் இறங்கி நடக்கும் சுகத்துக்காகவே காட்விக் போகலாம். நிலமும் சமதளம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதுதான் வசதி.

டார்செட்டின் டைன்ஹாமையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அது 1943இல் ராணுவத்துக்காகக் காலியான ஊர். தேவாலயம் கூரையோடு முழுசாக நிற்கிறது. இடிபாடு தேடிப் போகிறவர்களுக்கு அது வேண்டாம்.

எங்கே போனாலும் குளிர்கால மாலையில் போங்கள். புல் தாழ்ந்திருக்கும், சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும்.