ரிம் ஒடுக்கு எடுக்க க்னிபெக்ஸ் பிளையர் ஸ்பேனர்: எதுவரை கைகொடுக்கும்?

காற்று குறைந்த டயரோடு குழியில் இறங்கிய சைக்கிள் சக்கரத்தில் இரண்டு வகை அடி விழும். டயர் உட்காரும் விளிம்புச் சுவர் ஓரிடத்தில் வெளியே பிதுங்கும், அல்லது உள்ளே மடங்கும். இது ஒரு வகை. அடி பலமாக இருந்தால் ரிம்மே அந்த இடத்தில் அச்சை நோக்கி அமுங்கி, வட்டம் தட்டையாகிவிடும். இது இன்னொரு வகை. பேச்சில் இரண்டுக்கும் ஒடுக்கு என்றுதான் பெயர், ஆனால் வைத்தியம் வேறு வேறு. ஜெர்மன் கருவி நிறுவனமான க்னிபெக்ஸின் 86 03 250 மாடல் பிளையர் ஸ்பேனர் முதல் வகைக்குப் பிரமாதமான கருவி. இரண்டாவது வகைக்கு அது எந்த விதத்திலும் உதவாது. வாங்குவதற்கு முன்னால் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இது நட்டு திருகுவதற்காகச் செய்த 250 மி.மீ. நீளக் கருவி. ரிம் வேலைக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், அதன் வாயில் பல் கிடையாது, வழவழப்பான தட்டை. எவ்வளவு திறந்தாலும் இரண்டு வாயும் இணையாகவே நிற்கும். கைப்பிடியில் கொடுக்கும் அழுத்தம் வாயில் சுமார் 10 மடங்காகிறது. சாதாரண வாட்டர் பம்ப் பிளையரின் வாய் சாய்வாக மூடுவதால் அழுத்தம் ஒரே கோட்டில் விழும். பழைய ஒடுக்கு போய்ப் புது மடிப்பு வரும், பல்தடம் வேறு ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பட்டையில் பதியும். திருகு வைத்த அட்ஜஸ்டபிள் ஸ்பேனரால் நெம்பலாம், ஆனால் அமுக்க முடியாது. போதாததற்கு வாயில் ஆட்டம் இருக்கும், நெம்பும்போது அது ஒரு நூலிழை திறந்துகொள்ளும். அந்த நூலிழைதான் இந்த வேலையில் எல்லாமே.

கருவியைக் கையில் எடுக்கும் முன் டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் கழற்றி, ரிம்மைத் துடைத்துவிட்டு விரிசல் பாருங்கள். ஒடுக்கின் இரு ஓரத்திலும் விரல் நகத்தை இழுத்தால் மயிரிழை விரிசல்கூடத் தட்டுப்படும். ஸ்போக்ஸ் ஓட்டைகளைச் சுற்றியும், ரிம் இணையும் மூட்டிலும் அப்படியே பாருங்கள். விரிசல் இருந்தால் ரிம்மை மாற்ற வேண்டியதுதான். கார்பன் ரிம்மை வளைக்க முயலவே கூடாது. ரிம் பிரேக் வண்டியில் தேய்மானம் காட்டும் பள்ளக்கோடு மறைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். மெலிந்துபோன சுவர் நிமிர்த்தும்போதே உடையலாம்.

அடுத்தது வெர்னியர், அதாவது மில்லிமீட்டரின் சிறு பின்னத்தையும் அளக்கும் கருவி. நல்லதாக உள்ள மூன்று இடங்களில் ரிம்மின் வெளி அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். 24.0 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 25.6 காட்டினால், எடுக்க வேண்டியது 1.6 மி.மீ. கண்ணை நம்பி அமுக்கினால் கட்டாயம் அளவு தாண்டும். அலுமினியத்தை ஒரு முறை வளைத்து நிமிர்த்தினாலே அந்த இடம் இறுகிவிடும். தாண்டிப்போனதைத் திரும்ப இழுக்கும்போதுதான் விரிசல் விடும். இளகட்டும் என்று தீயில் காட்டவும் கூடாது. ரிம்மின் பலம் சூட்டுப் பதத்தில் வந்தது, சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும்.

வெளியே பிதுங்கிய சுவருக்கு ஒடுக்குப் பக்கத்து வாயில் இரண்டு சுற்று டேப் போதும். எதிர்ப்பக்கம் அப்படி விடக் கூடாது. அமுக்கும் விசை நல்ல சுவர் மேலும் அதே அளவு விழுவதால், 15 செ.மீ. நீளக் கெட்டி மரப்பட்டையை அங்கே அணை கொடுங்கள். விசை பரவிப் போகும், நல்ல சுவர் உள்ளே சாயாது. ஒடுக்கு சரியாக எடுத்தும் ரிம் குறுகிப் போனதாகப் பலர் சொல்வது இந்த அணை வைக்காததால்தான்.

பட்டனை அழுத்தி வாயின் அளவை வையுங்கள். வாய் தொடும்போது கைப்பிடி விரிந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்த இடம் மிஞ்சாது. வாய் பிடிப்பது விளிம்புச் சுவரை மட்டும்தான். இரட்டைச் சுவர் ரிம்மில் அதற்குக் கீழே உள்ளது வெற்றுப் பெட்டி. அதைப் பிடித்து அழுத்தினால் நசுங்கிவிடும். ஒடுக்கின் இரு ஓரத்திலிருந்தும் தொடங்கி நடுவை நோக்கி வாருங்கள். எடுத்த எடுப்பில் நடுவை அமுக்கினால் ஓரங்களில் மேடு நின்றுவிடும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு அளவு பாருங்கள். விட்டதும் உலோகம் கொஞ்சம் திரும்பி வரும், அதனால் முதல் இரண்டு மூன்று அமுக்கலில் வெர்னியர் அசையாததுபோல் இருக்கும். பிறகு 25.3, 25.0, 24.6 என்று இறங்கும். 24.2-இல் நிறுத்துங்கள். மீதி அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே மடங்கிய சுவருக்கு ஒரு வாயை உள்ளேயும் மற்றதை வெளியேயும் விட்டு, சுவரை மட்டும் இறுகப் பிடித்து, கைப்பிடியை மெல்லச் சாய்த்து இழுக்க வேண்டும். இங்கேதான் இந்தக் கருவியின் குறை தெரிகிறது. வாய் தடிமனானது, குறுகிய ரிம்முக்குள் சிரமப்பட்டுத்தான் நுழையும். ஒல்லி டயர் ரிம்களே அதிகம் வரும் பட்டறைக்கு 180 மி.மீ. மாடல் வசதி, ஆனால் கை வலிக்கும்.

தட்டையான ரிம்முக்கு வருவோம். அமுங்கிய இடத்து ஸ்போக்ஸ் கம்பிகளை விரலால் கிள்ளிப் பாருங்கள், தொளதொளவென்று இருக்கும். தளர்ந்திருக்கிறதே என்று முடுக்கினால் ரிம் இன்னும் உள்ளே போகும். அந்தக் கம்பிகளை முழுக்கத் தளர்த்தி, ரிம்மின் உள்பக்கம் மரக்கட்டை வைத்துக் கொட்டாப்புளியால் வெளிப்புறமாகத் தட்டுவதுதான் வழி. ஓரளவுக்கு மேல் வராது. பிறகு முடுக்கும்போது அந்தக் கம்பிகளின் இறுக்கம் அதே பக்கத்துச் சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், நேரத்தை வீணாக்காமல் புது ரிம் போடுங்கள்.

எந்த ஒடுக்கு எடுத்தாலும் கடைசியில் கோட்டம் பார்க்க வேண்டும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் ஃபோர்க்கில் கேபிள் டை கட்டி, அதன் முனையை ரிம் அருகில் நிறுத்தினால் போதும். ஸ்போக்ஸ் கம்பியை முடுக்கும் சிறு நட்டான நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ரிம் பிரேக் சக்கரத்துக்குப் பக்கவாட்டு ஆட்டம் 0.5 மி.மீ.க்குள் வந்தால் நல்லது, டிஸ்க் பிரேக்குக்கு 1 மி.மீ. வரை பரவாயில்லை. 400 உப்புத்தாளால் பிசிறை மட்டும் எடுத்துவிட்டு, டயர் மாட்டி முழுக் காற்று அடித்து, டயர் ஓரத்தில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஒடுக்கு எடுத்த இடத்தில் அந்தக் கோடு ரிம்முக்குள் அமுங்கியோ மேலே எழும்பியோ தெரிந்தால், டயரைப் பிடித்து வைக்கும் சுவரின் கொக்கி இன்னும் நேராகவில்லை. காற்றை இறக்கி, டயரைக் கழற்றி மறுபடியும் அளவெடுங்கள்.