கொடைக்கானல் மலை ஹோட்டலில் ஐந்து ஆண்டுகள்: காயாத துண்டு

தேவகோட்டை நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். "மாதம் தவறாமல் கொடைக்கானல் போய் வருகிறீர்களே, நீங்கள் தங்கும் ஹோட்டல் எப்படி? காலாண்டு விடுமுறையில் ஆச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நான்கு நாள் போகலாம் என்று நினைக்கிறோம்" என்றார். அவர் கேட்ட நேரத்தில் நான் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், உட்கார்ந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் சூடாக வந்துவிட்டது. நிதானமாகச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தொழில் ஆத்தங்குடிக் கல், அதாவது வீட்டுத் தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல். சிறிய பட்டறைதான். 2021-இல் கொடைக்கானலில் ஒரு வீட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்தோம். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் கேட்டார்கள், பிறகு அவர்களுடைய உறவினர் கேட்டார். அப்படியே தொடர்ந்து, மாதம் ஒருமுறையாவது மலையேற வேண்டியதாகிவிட்டது. திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாகப் போவேன். அளவெடுக்க ஒரு நாள், வேலை பார்க்க ஒரு நாள் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு இரவு தங்குவேன். கணக்குப் பார்த்தால் இந்த ஒரே ஹோட்டலில் நூறு இரவுக்கு மேல் படுத்திருக்கிறேன்.

அறையின் அளவு, வண்டி நிறுத்தும் இடம், இணைய வசதி எல்லாம் அவர்கள் காட்டும் படத்தில் உள்ளபடியே இருக்கின்றன. காலை ஐந்தரைக்கு வெந்நீர் வந்துவிடும். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் மேலே போக வேண்டும் என்று ஆனபோது, கிளம்புவதற்கு முதல் நாளே அழைத்து "எடுத்துவிட்டீர்களா சார்?" என்று கேட்டார்கள். இன்றைக்கும் கேட்கிறார்கள். வியாபாரத்துக்காகப் போகிறவனுக்கு இது பெரிய உதவி.

சாப்பாட்டில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் பருப்பு எளிதில் வேகாது. மலையில் பல இடங்களில் சாம்பாரில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே சமையல்காரர் விடியற்காலை நான்கு மணிக்கே பருப்பை ஏற்றிவிடுவார். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட வேகாத பருப்பு என் இலையில் விழுந்ததில்லை. மலைப்பூண்டு ரசமும் பட்டர் பீன்ஸ் பொரியலும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அட்டையில் 'செட்டிநாடு கோழி' என்று போட்டிருப்பதை மட்டும் நம் பக்கத்துக்காரர்கள் தொட வேண்டாம். முந்திரியை அரைத்துப் பாலேட்டைக் கலந்துவிட்டு அதற்கு நம் ஊர்ப் பெயரை வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கல்பாசியும் சோம்பும் மிளகும் எங்கே போயின என்று ஒருமுறை சமையல்காரரிடமே கேட்டேன். விருந்தாளிகள் காரம் தாங்குவதில்லை என்றார். அப்படியானால் பெயரை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி அந்த வெந்நீர்ப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை தங்கியபோது மார்கழி மாதம். காரைக்குடியில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் புதிது. இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி, அறையைக் கவனிக்கும் தம்பி ஒரு ரப்பர் பையைக் கொண்டுவந்தார். மன்னவனூர்க்காரர். பழைய கம்பளியில் தைத்த உறை அதற்குப் போட்டிருந்தது. கெண்டியிலிருந்து வெந்நீரை முக்கால் பங்கு ஊற்றினார். பையின் மேற்பகுதியை இரண்டு கையாலும் அமுக்கி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டுத் திருகுமூடியை இறுக்கினார். பிறகு அதைத் தலைகீழாகத் தன் மணிக்கட்டின் மேல் பிடித்து ஒரு சொட்டாவது ஒழுகுகிறதா என்று பார்த்தார். அதன் பிறகே போர்வையின் கால்மாட்டில் நுழைத்தார். விடியற்காலை நாலு மணிக்குக் காலால் தேடிப் பார்த்தேன். பிள்ளையின் உடம்புச் சூடு அதில் மிச்சமிருந்தது.

அன்றிலிருந்து இன்று வரை ஒரு இரவுகூட அந்தப் பை தவறியதில்லை. கேட்டு வாங்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. சீசனில் அத்தனை அறையும் நிரம்பியிருந்த ஒரு மே மாத இரவில்கூட அந்தத் தம்பி ஒன்பதரைக்கு மூச்சு வாங்க வந்து, "தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் சார்" என்றார். இப்படி ஒரு கவனிப்பை நான் தங்கிய வேறு எந்த ஊர் விடுதியிலும் கண்டதில்லை.

ஆனால் அந்தப் பை எதற்காகத் தேவைப்படுகிறது என்று பார்த்தால், பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. குளிருக்குப் போர்வை போதும். அந்த அறையின் ஓதத்துக்கு, அந்த விடாத ஈரத்துக்குத்தான் எதுவும் போதவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடுபனி ஏறும். ஆறு மணிக்கு ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் வியர்க்கத் தொடங்கும். ஏழு மணிக்குப் படுக்கையில் கை வைத்தால் விரிப்பு நனைந்திருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று சொல்ல முடியாது. காலையில் குளித்துவிட்டுக் கொடியில் போட்ட துண்டு, மறுநாள் காலையில் எடுத்தால் அதே ஈரத்தோடு கொஞ்சம் வாடையும் சேர்ந்து வரும். நூறு இரவில் ஒருமுறைகூட அந்த அறையில் ஒரு துண்டு காய்ந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை சமையல்கட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் சுட்ட தேன்குழலையும் சீப்புச் சீடையையும் டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை போலிருக்கிறது. ஒரே இரவில் தேன்குழல் நமத்து, துணி மாதிரி வளைந்தது. எந்த முகத்தோடு அதைக் கொடுப்பது?

ஓதம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் கல்லுக்குச் சூளை கிடையாது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் சேர்த்து அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைக்கிறோம். தரைக்குக் கீழேயிருந்து ஓதம் ஏறினால் கல்லின் முகத்தில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும். அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நான் முதலில் பார்ப்பது சுவரின் அடிப்பகுதியைத்தான். இந்த ஹோட்டலின் கீழ்த்தள அறைகளில் பின்சுவர் மலைச்சரிவின் மண்ணை ஒட்டியே நிற்கிறது. மழைத் தண்ணீர் முழுவதும் அந்த மண்ணில் இறங்கிச் சுவர் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கட்டிலை இழுத்துப் பார்த்தால் தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்குப் பூசணம்.

முதல் மூன்று வருடம் இது இந்த அளவுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது பழைய மர ஜன்னல்கள் இருந்தன. சந்து வழியே காற்று வரும். குளிரத்தான் செய்யும், ஆனால் அறை மூச்சுவிட்டது. போன வருடம் ஒரு மாதம் மூடிப் புதுப்பித்தார்கள். மர ஜன்னலை எடுத்துவிட்டுத் திறக்கவே முடியாத ஒற்றைக் கண்ணாடி போட்டார்கள். தரை முழுவதும் கம்பளம் விரித்தார்கள். சுவருக்குப் பூப்போட்ட தாள் ஒட்டினார்கள். பழைய கணப்படுப்பின் புகைக்கூண்டைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, உள்ளே தீ எரிவதுபோல் மினுக்கும் மின்விளக்கை வைத்தார்கள். குளியலறையின் நீராவி, படுத்திருப்பவரின் மூச்சு, சுவரின் ஈரம் மூன்றும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிகின்றன. இவ்வளவும் செய்துவிட்டு 2,400 ரூபாயாக இருந்த வாடகையை 3,900 ஆக்கினார்கள்.

மேலாளரிடம் நான்கு முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், மறுக்கவில்லை. ஆனால் முடிவில் ஒரே பதில்: "மலை என்றால் அப்படித்தான் சார்."

இந்த வாக்கியம்தான் என்னை எரிச்சலூட்டுகிறது. மலை என்றால் அப்படி இல்லை. நான் தரை போட்ட வீடுகளில் ஒன்று வெள்ளைக்காரர் காலத்துக் கல் கட்டடம். தரை மண்ணிலிருந்து இரண்டடி உயரத்தில் நிற்கிறது, அடியில் காற்றுப் போக ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். சாயங்காலம் கணப்பு மூட்டுகிறார்கள். காலை பத்து மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா போர்வைகளை வாரிக்கொண்டுபோய் முற்றத்துக் கொடியில் போட்டுவிடுகிறார். வெயில் முக்கால் மணி நேரம்தான் நிற்கும். அது போதும். நான் அங்கே போட்ட கல்லில் நான்கு மழைக்காலம் கடந்தும் உப்புப் பூக்கவில்லை. அதே மலை, அதே மூடுபனி.

நம் ஊர் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, அவற்றை அப்படியே மலையில் கட்ட முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனால் முகப்பு வாசலில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வழியாக அடுத்த தெரு தெரிகிறதே, அப்படி வைத்தவர்கள் அழகுக்காக மட்டும் வைக்கவில்லை. உள்ளே வந்த காற்று வெளியே போக வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஓர் அறைக்கு அந்தக் கணக்கைப் போட அதிகச் செலவு பிடிக்காது. திறக்கிற மாதிரி ஒரு ஜன்னல், குளியலறையில் ஒரு காற்றுவிசிறி, பின்சுவருக்கு வெளியே ஒரு வடிகால். கம்பளத்துக்குக் கொடுத்த பணத்தில் மூன்றும் முடிந்திருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதுப்பிக்கும்போது வரவேற்பு அறைத் தரைக்கு என்னிடம் விலை கேட்டார்கள். முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு கல்லைப் பற்றிப் பேசலாம் என்றேன். வேறு தரை போட்டுக்கொண்டார்கள். அந்த வேலை கிடைக்காத வருத்தத்தில் எழுதுகிறேன் என்று யாருக்கும் தோன்றக் கூடாது. அந்த வேலையை ஒப்புக்கொண்டிருந்தால் இன்றைக்கு என் கல்தான் அங்கே வெளுத்துப்போய்க் கிடந்திருக்கும்.

கடைசியாகப் போனது இந்த ஆடியில். ஒரு வீட்டு அம்மா பழைய காலத்துப் பூ வேண்டும் என்று கேட்டிருந்தார். அதனால் என் அப்பா வைத்திருந்த மாதிரிப் புத்தகத்தை எடுத்துப் போனேன். நாற்பதுக்கு மேற்பட்ட பூக்கள், கொடிகள், கரைகள். எல்லாம் அவர் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை. ஓரத்தில் எந்த வீட்டுக்கு, எத்தனை கல் என்று பென்சிலில் குறித்திருப்பார். இரண்டு இரவும் மேசை இழுப்பறையில்தான் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் எடுத்தபோது புத்தகம் உப்பி, அட்டை மூட மறுத்தது. தாமரைப் பூவின் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கியிருந்தது. மேலாளர் பதறிப்போய் ஒரு நாள் வாடகையைக் கழித்துக்கொண்டார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை.

நண்பருக்கு இப்போது சொல்வது இதுதான். போவதென்றே முடிவு செய்தால் மேல்தளத்தில், கிழக்குப் பார்த்த மூலை அறையைக் கேளுங்கள். அவற்றில் இரண்டில் மட்டும் பழைய மர ஜன்னல் மிச்சமிருக்கிறது. கீழ்த்தளத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பிள்ளைகளுக்குக் கூடுதல் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரைகளை இறுக்கமான டப்பாவில் வையுங்கள். சாப்பாட்டுக்கு வெளியே அலைய வேண்டாம். ஆச்சிக்கு மூச்சிரைப்பு இருக்கிறது என்று நீங்கள் சொன்ன ஞாபகம். அப்படியானால் அவர்களை அந்த ஹோட்டலுக்குக் கூட்டிப்போகவே வேண்டாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. மேலே இவ்வளவு பாராட்டிவிட்டு இரண்டுதானா என்று கேட்கலாம். இந்த மாதம் இரண்டுதான். எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

ஆவணி வேலைக்கு ஏரிக்கு மேற்கே வேறொரு சிறிய விடுதியில் அறை சொல்லிவிட்டேன். போனில் முதல் கேள்வியே ஜன்னல் திறக்குமா என்பதுதான். திறக்கும் என்றார்கள். இரவில் வெந்நீர்ப் பை கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பாவின் புத்தகத்தில் இரண்டு தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இன்னும் பிரியவில்லை. அதை வெயிலில் வைத்துவிட்டு, நேற்று மத்தியானம் காரைக்குடியில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கி ஒரு வெந்நீர்ப் பை வாங்கிவந்தேன். உறை தைக்க வீட்டில் பழைய கம்பளி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.