ஒருத்திக்கான கிறிஸ்துமஸ் சாப்பாடு: அயனாவரத்து அக்காவின் வீட்டுச் சமையல்

இந்தக் கிறிஸ்துமஸுக்குச் சாப்பாடும் பலகாரமும் அயனாவரத்தில் ஓர் அக்காவிடம் சொல்லிவைத்து வாங்கினேன். கடைக்குப் போர்டு கிடையாது, பெயரும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே சமையல். அக்கா, அவருடைய மருமகள், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு பெண், அவ்வளவுதான் ஆட்கள். ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுப்பது மகன். வருஷத்தில் மூன்று தடவைதான் ஆர்டர் எடுக்கிறார்கள்: கிறிஸ்துமஸ், புது வருஷம், ஈஸ்டர். பண்டிகை நாளில் தனியாக இருக்கிறவர்கள் அவசியம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இடம் என்று எனக்குப் படுகிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நான் நர்ஸ். சென்னையில் அரசு மருத்துவமனையில் 34 வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன ஜூனில் 60 முடிந்து ரிட்டயர் ஆனேன். சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம் மெஞ்ஞானபுரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் நானுமாகத்தான் இங்கே இருந்தோம். மார்ச்சில் அம்மா போய்விட்டாள். தம்பி குடும்பம் மஸ்கட்டில் இருக்கிறது.

அந்த 34 கிறிஸ்துமஸில் பாதிக்கு மேல் நான் டூட்டியில் இருந்திருக்கிறேன். சின்னக் குழந்தை இருக்கிற பிள்ளைகளுக்கு லீவை விட்டுக்கொடுத்துவிடுவேன். வார்டு மேஜையில் ஒரு குடில் வைப்போம். பஞ்சுக் கட்டைப் பிரித்து உதறி அதைப் பனி என்று பரப்புவோம். டூட்டி ரூமில் ஆளுக்கொரு டப்பா திறந்திருக்கும். ஒரு வாய் சாப்பிடுவதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். நடுராத்திரியில் ட்ரிப் பாட்டில் மாற்றிக்கொண்டு நின்றபோதுகூட நான் தனியாக இருக்கிறேன் என்று தோன்றியதில்லை. டூட்டியும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல் வந்த முதல் கிறிஸ்துமஸ் இதுதான்.

ஊருக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் 120 நாளைக்கு முன்னாலேயே ரயில் டிக்கெட் போடலாம். 2024 நவம்பரிலிருந்து அது 60 நாளாகிவிட்டது. டிசம்பர் 23 செந்தூர் எக்ஸ்பிரஸுக்கு அக்டோபர் 24 காலை எட்டு மணிக்குத் திறக்கும். அலாரம் வைத்து எழுந்து போனைக் கையில் எடுத்தேன். பயணிகள் பட்டியலைத் தொட்டதும் என் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரும் வயதும் வந்து நின்றன. லோயர் பெர்த் என்று நான் எப்போதோ குறித்து வைத்ததும் அப்படியே இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எட்டரைக்குப் பார்த்தபோது வெயிட்டிங் லிஸ்ட்.

சரி, இங்கேயே இருந்துகொள்வோம், நல்ல சாப்பாடாவது வாங்கிக்கொள்வோம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். எங்கே கேட்டாலும் முதல் கேள்வி, "எத்தனை பேருக்கு?" என்பதுதான். ஓர் ஓட்டலில் கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பக்கெட் பிரியாணி மட்டும்தான் முன்பதிவு, ஐந்து பேருக்குக் குறைந்து எடுப்பதில்லை என்றார்கள். கேக் போட்டுக் கொடுக்கிற ஒரு பெண் ஒரு கிலோவுக்குக் கீழே கிடையாது என்றாள். அவர்கள் பேரில் தப்பில்லை, பண்டிகைக் கூட்டத்தில் ஒற்றை ஆள் கணக்குக் கட்டுபடியாகாது. ஆனால் "ஒரு ஆளுக்கு" என்று மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. இந்த நிலையில்தான் சபையில் பக்கத்தில் உட்காருகிற ஒரு அம்மா அக்காவின் நம்பரைக் கொடுத்தார்.

டிசம்பர் 10-ஆம் தேதி பேசினேன். அக்காவுக்கு நாசரேத் பக்கம். மெஞ்ஞானபுரம் என்றதும் அங்குள்ள சர்ச்சைச் சொல்லி, "கோவில் கோபுரம் எங்க ஊர்ல இருந்து வரும்போதே தெரியுமே" என்று ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் என்று சொன்ன பிறகு என்னை "சிஸ்டர்" என்றே கூப்பிட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி இது: "எத்தன வீட்டுக்குக் குடுக்கணும் சிஸ்டர்?"

எனக்குப் பதில் வரவில்லை. "இல்லக்கா, நான் ஒருத்திதான்" என்றேன். "அது சரி. சாப்பிடுறது ஒருத்தி. குடுக்கிறது எத்தன வீட்டுக்கு?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பிருந்தே வீட்டில் எண்ணெய்ச் சட்டி இறங்காது. அவ்வளவு பலகாரத்தில் வீட்டு ஆட்கள் தின்பது கால்வாசிகூட இராது. தட்டில் அடுக்கி, மேலே ஒரு துணியை மூடி, தெருவில் வீடு வீடாக அனுப்புவது என் வேலையும் தம்பி வேலையும். தீபாவளிக்கு வந்த தட்டு, ரம்ஜானுக்கு வந்த தூக்குவாளி எல்லாவற்றுக்கும் அன்றைக்குத்தான் பதில் போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பாள் அம்மா. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கை சீனியாவது போட்டுக் கொடுப்பாள்.

போன தீபாவளிக்கு எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா லட்டும் ஓமப்பொடியும் கொடுத்த எவர்சில்வர் சம்புடம், கழுவித் துடைத்து, இரண்டு மாதமாக என் ஃபிரிட்ஜ் மேலேயே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கடையில் கால் கிலோ ஸ்வீட் வாங்கிப் போட்டுக் கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை. ஒற்றையில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குப் பழகிவிட்டது. இந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வெளியே போகவில்லை என்பதுதான் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது என்று அக்கா கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

விரலை மடக்கி எண்ணினேன். எங்கள் கட்டடத்தில் ஏழு வீடு, வாட்ச்மேன் வீடு ஒன்று, ஆக எட்டு. "வேற?" என்றார். பழைய வார்டில் அன்றைக்கு டூட்டி பார்க்கிற பிள்ளைகள் நாலு பேர். "பன்னெண்டு" என்று எழுதிக்கொண்டார்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். பலகாரம் 24-ஆம் தேதி சாயங்காலம் வந்தது. முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கால் கிலோ பிளம் கேக். இந்த மூன்றில் முந்திரிக்கொத்துக்காகவே இன்னொரு தடவை வாங்கலாம். சிறுபயறை வறுத்துத் திரிப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. மாவாகிவிட்டால் வாயில் ஒட்டும், அரைகுறையாக நின்றால் பல்லில் நெறநெறக்கும். அக்காவினுடையது ரவை பதம். வறுத்த தேங்காய் தனியாகத் தெரிந்தது, எள் தெரிந்தது, விழுங்கின பிறகு சுக்கின் காரம் தொண்டையில் கொஞ்ச நேரம் நின்றது. இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விலையைப் பார்த்து வெல்லத்துக்கு மாறுகிறவர்கள் உண்டு, அக்கா மாறவில்லை. மேல்மாவு முட்டை ஓடு மாதிரி மெல்லிசு. மூன்று உருண்டையும் ஒன்றோடொன்று ஒட்டினபடியே இருந்தன. அப்படி இருந்தால்தான் அது கொத்து. இப்போது கடைகளில் ஒற்றை உருண்டையாகப் போட்டு அதையும் முந்திரிக்கொத்து என்றே விற்கிறார்கள், எனக்கு அது சம்மதமே இல்லை.

அச்சு முறுக்கும் நன்றாகவே இருந்தது. அச்சை முக்கால் வாசிதான் மாவில் முக்க வேண்டும், முழுக்க முங்கிவிட்டால் மாவு மேலே ஏறி மூடிக்கொண்டு கழலாது. ஓரம் உடையாமல் பூவாக விழுந்திருந்தது. தேங்காய்ப்பால் வாசனை உண்டு. நான்கைந்து மட்டும் கருகல் நிறத்தில் இருந்தன.

கேக் சுமார்தான். சீனியைக் கருக்கி ஊற்றின நிறமும் வாசனையும் சரியாக இருந்தன. ஆனால் உலர் திராட்சை குறைவு, டூட்டி ஃபுரூட்டி அதிகம். கேக்குக்காக மட்டும் தேடிப் போகிறவர்கள் வேறு இடம் பார்க்கலாம்.

மறுநாள் அதிகாலை ஆராதனை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஏழரைக்கு வரும் என்ற காலைச் சாப்பாடு எட்டு ஐம்பதுக்குத்தான் வந்தது. அந்த ஒரு மணி இருபது நிமிஷம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சர்க்கரைக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் வந்து, தானும் ஆராதனை முடிந்துதான் கிளம்பினதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். நெற்றி முழுக்க வேர்வை. வேறு நாளாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

ஆப்பம் நான்கு, ஆட்டுக்கறிக் குழம்பு ஒரு டப்பா. ஆப்பம் ஆறிப்போனால் ஆப்பம் இல்லை, நடுப்பாகம் ரப்பராகிவிட்டது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்து மூடிச் சூடு காட்டினேன், பாதி சரியாயிற்று. இதற்கு இடியாப்பமே கொடுக்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். குழம்பைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. டப்பா மூடி மட்டும் கசிந்து பையில் எண்ணெய் இறங்கியிருந்தது.

மத்தியானத்துக்குப் பிரியாணி கிடையாது. வெள்ளைச் சோறு, கறிக்குழம்பு, சாம்பார், ரசம், ஒரு வாழையிலைத் துண்டு. இது எங்கள் ஊர் அசனச் சாப்பாடு. கோவில் பிரதிஷ்டைக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் ஊரே பந்தியில் உட்காருவோம். பக்கத்து இலையில் யார் என்று பார்க்கிற வழக்கமில்லை, இடம் கிடைத்த இடத்தில் உட்கார வேண்டியதுதான். கறிக்குழம்பு வாளியும் சாம்பார் வாளியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டும் சோற்றில் கலக்கிற இடத்தில் ஒரு ருசி இருக்கிறது, அதை வேறெங்கும் நான் கண்டதில்லை. அக்காவின் சாம்பாரில் கத்தரிக்காய் குழைந்து கிடந்தது, குழம்பு அதில் போய்ச் சேர்ந்ததும் அந்த ருசி வந்துவிட்டது. இலையைப் போட்டுக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். முதல் கவளத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன், ஆனால் முழுவதையும் சாப்பிட்டேன். மார்ச்சுக்குப் பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

கொடுப்பதற்கான பொட்டலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு கொத்து, இரண்டு அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக். வெண்ணெய்த் தாளில் சுற்றி நூல் கட்டியிருந்தது. எண்ணினால் பதிமூன்று. தப்பாக வந்துவிட்டதோ என்று கூப்பிட்டுக் கேட்டேன். "விட்டுப்போன ஆள் ஒண்ணு எப்பவும் இருக்கும் சிஸ்டர், வச்சுக்கிடுங்க" என்றார் அக்கா.

எதிர்வீட்டுக்கு மட்டும் பொட்டலத்தைப் பிரித்துச் சம்புடத்தில் அடுக்கிக் கொண்டுபோனேன். அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அம்மா இறந்த பிறகு என் வீட்டுக்கு வர அவருக்குத் தயக்கமாக இருந்ததாம், என்ன பேசுவது என்று தெரியவில்லையாம். காபி குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தேன். கீழ்வீட்டில் அவர்கள் ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவது அம்மாவுக்குப் பிடிக்கும் என்பதை அந்த வீட்டுப் பிள்ளையே ஞாபகம் வைத்துச் சொன்னது.

மூன்று மணிக்கு ஆட்டோ பிடித்து வார்டுக்குப் போனேன். குடில் வைத்திருந்தார்கள், பஞ்சுப் பனியும் இருந்தது. டூட்டியில் இருந்த நாலு பேரில் ஒருத்தி புதிது, திசையன்விளைப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முந்திரிக்கொத்தைக் கையில் எடுத்தவள் கடிக்காமலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் இருக்கிறாளாம். வீட்டை விட்டு வந்து இதுதான் முதல் கிறிஸ்துமஸாம். பதிமூன்றாவது பொட்டலம் என்னைக் கூட்டிப்போன ஆட்டோக்காரருக்குப் போயிற்று.

விலையைச் சொல்லிவிடுகிறேன். காலை, மத்தியானச் சாப்பாடும் வீட்டுக்கான பலகாரமும் சேர்த்து ஒரு ஆளுக்கு 850 ரூபாய். கொடுக்கிற பொட்டலம் ஒன்று 70 ரூபாய். எனக்கு மொத்தம் 1,690 ஆயிற்று. பதிமூன்றாவதற்குக் காசு வாங்கவில்லை. அயனாவரம், வில்லிவாக்கம், பெரம்பூருக்கு டெலிவரி இலவசம். டிசம்பர் 15-க்குள் சொல்லிவிட வேண்டும். 40 ஆர்டருக்கு மேல் எடுப்பதில்லை என்பதால் நம்பரை இங்கே போட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். இந்தப் பக்கத்துச் சபைகளில் நெல்லைக்காரர்கள் யாரையாவது விசாரித்தால் கிடைத்துவிடும்.

புது வருஷத்துக்கு மத்தியானச் சாப்பாடு சொல்லிவிட்டேன். அந்தத் திசையன்விளைப் பிள்ளைக்கு அன்றைக்கு லீவு. வருகிறேன் என்றிருக்கிறாள். இரண்டு ஆளுக்கு, இடியாப்பத்தோடு.