23,600 ரூபாய் கட்டிய கிட் சர்வர் அரை நாள்தான் ஓடியது: பெங்களூர்க்காரர்கள் உஷார்

சனிக்கிழமை நடந்தது. இன்று திங்கள் ராத்திரி, இன்னும் வயிறு எரிகிறது. பெயர் போடவில்லை. கன்டெய்னர் பிளாட்பார்மை (மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டி மாதிரி அடைத்து ஓட்டும் சர்வர் வசதி) மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கிற ஒரு கம்பெனி, அவ்வளவு போதும்.

அல்சூரில் நண்பருடைய ஹாலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் கிட் (Git, புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) பயிற்சி வைத்தோம். பாதிப் பேர் மர்ஃபி டவுன், சிவாஜி நகர்ப் பக்கம். ஆளுக்கு 750 ரூபாய், 32 பேர், மொத்தம் 24,000. எல்லோரும் ஒரே சர்வரில் புஷ் செய்து (எழுதியதை அனுப்பி) பழகட்டும் என்று கிட்டீ (Gitea) என்கிற கிட் சர்வர் மென்பொருளைப் போட முடிவு செய்தோம். அதே வேலைக்கான கிட்லேப் மாதிரி கனமில்லை, சின்ன இடத்திலேயே ஓடும். என் லேப்டாப்பிலேயே போட்டிருக்கலாம். கடைசியில் அதைத்தான் செய்தேன்.

அந்தக் கம்பெனியிலிருந்து சர்வர் விற்க வந்த பையன் ஓசூர்க்காரன். போனில் முதல் வார்த்தையே "அண்ணா, தமிழா?" அங்கேயே விழுந்துவிட்டேன். ஏரிக்குப் பக்கத்து டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து பச்சைப் பச்சையாக ஏதோ ஓடுவதைக் காட்டினான். "டேட்டா எங்கயும் போகாதுண்ணா, பிவிசி போட்டுத் தர்றோம், ரெண்டு ஜிபி மெமரி" என்றான். (பிவிசி என்றால் பைப் இல்லை. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், கன்டெய்னர் ஓடும் பாட் (pod) செத்தாலும் டேட்டா சாகாமல் இருக்கத் தனியாகக் கேட்டு வாங்கும் இடம்.) டீக்கு அவனே காசு கொடுத்தான். 20,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 23,600. நின்ற இடத்திலேயே யுபிஐயில் அனுப்பினேன். பில் இன்றுவரை வரவில்லை.

காலையில் நன்றாகத்தான் ஓடியது. சாப்பிட்டுவிட்டு வந்து 32 பேரும் ஒன்றாகப் புஷ் செய்தார்கள். பக்கம் கொஞ்ச நேரம் சுற்றியது. திரும்ப வந்தபோது ரெப்போவும் (ஃபைல்களும் அவற்றின் வரலாறும் இருக்கும் கிடங்கு) இல்லை, யூசரும் இல்லை. கிட்டீயை முதல் தடவை நிறுவும்போது வருமே, அந்த அமைப்புப் பக்கம் வந்து நிற்கிறது! நான் சுதாரிப்பதற்குள் பின்வரிசைப் பெண் நிறுவு பட்டனைத் தட்டித் தன் பெயரைப் பதிந்துவிட்டாள். அதில் முதலில் பதிகிறவர்தான் அட்மின். "சார், எனக்கு என்னென்னமோ வருது சார்" என்கிறாள். ஹாலே சிரித்தது. எனக்குக் கை நடுங்கியது.

பாட் நிலையைப் பார்த்தால் ஓஓஎம் கில்டு, எக்ஸிட் கோட் 137, அதாவது மெமரி போதாமல் கொல்லப்பட்டிருக்கிறது. மெமரி வரம்பு 256 எம்பி. பிவிசி பட்டியலைக் கேட்டால் ஒன்றுமே இல்லை. ரெப்போ எல்லாம் கன்டெய்னருக்குள்ளேயே இருந்திருக்கிறது, அது செத்ததும் கூடவே போய்விட்டது.

போன் போட்டேன். பணம் வாங்கும்வரை அண்ணா, இப்போது சார். "சார், நான் சேல்ஸ் மட்டும்தான் சார், டிக்கெட் போடுங்க." போட்டேன். "பாட் ரன்னிங் நிலையில் உள்ளது, எங்கள் பக்கம் பிரச்சினை இல்லை" என்று மூடிவிட்டார்கள். திரும்பத் திறந்தேன். கன்டெய்னர் ரீஸ்டார்ட் ஆவது சகஜமாம், என் அப்ளிகேஷன்தான் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டுமாம். கிட் சர்வர் டேட்டாவை வைத்துக்கொள்ளாமல் வேறு எதை வைத்துக்கொள்ளும்? மூன்றாவது பதில்: பணம் திரும்பாது, வேண்டுமானால் அடுத்த மாதத்துக்குக் கிரெடிட். என் 23,600க்கு அவர்களிடமே இன்னொரு மாதம்!

கிட் என்பதால் தப்பித்தோம். ஒவ்வொரு பிள்ளையின் குளோனிலும் (அவரவர் லேப்டாப்பில் இருக்கும் ரெப்போ பிரதி) வரலாறு முழுதாக இருந்தது. என் லேப்டாப்பில் கிட்டீயை ஏற்றி எல்லோரையும் மறுபடி புஷ் செய்யச் சொன்னேன். ஆனால் இஷ்யூக்கள் (பிழைக் குறிப்புகள்), புல் ரெக்வெஸ்ட்கள் (என் மாற்றத்தைச் சேருங்கள் என்ற வேண்டுகோள்கள்), அதில் எழுதிய கருத்துகள் எல்லாம் டேட்டாபேஸில் இருப்பவை. அவை போனது போனதுதான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பணம் கட்டுமுன் ஒரு ரெப்போ போட்டுவிட்டு பாட்-ஐ நீங்களே கொல்லுங்கள், திரும்பி வரும்போது ரெப்போ இருக்கிறதா பாருங்கள். பிவிசி 'பவுண்டு' (Bound, இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது) என்று காட்ட வேண்டும். மெமரி வரம்பை எழுத்தில் வாங்குங்கள். பில் வராமல் ஜிஎஸ்டி கொடுக்காதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் கொடுத்த 24,000த்தில் 23,600 போக மீதி 400 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை டீக்கும் பன்னுக்கும் அதுவும் போதவில்லை.