முதல் சிபாப்: கடலோர வீட்டுக்கு ஏர்சென்ஸ் 10-ஆ, 11-ஆ?

சிபாப் என்பது தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தரும் மெஷின். தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது, குறைகிறது என்ற கணக்கு) 30-க்கு மேல் வந்து, டாக்டர் அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ சிபாப் எழுதிக் கொடுத்திருந்தால், ரெஸ்மெட் கம்பெனியின் ஏர்சென்ஸ் 10, 11 இரண்டையும் பார்க்கலாம். இரண்டும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை தானே கூட்டிக் குறைக்கும். சிகிச்சையில் பெரிய வித்தியாசம் கிடையாது. பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் வித்தியாசம் தெரிவது கரண்ட் போகிற ராத்திரியில்தான். 10-க்கு 90 வாட் அடாப்டர், 11-க்கு 65 வாட். இன்வெர்ட்டரை நம்பி இருக்கும் வீட்டுக்கு 11 நல்லது. கையில் காசு இறுக்கமென்றால் 10 தாராளமாகப் போதும். எதுவானாலும் புயல் நாளில் ஹியூமிடிஃபயர் (தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரப்படுத்தும் பாகம்) சூட்டை அணைத்துவிடுங்கள். மோட்டாரை விட அந்தச் சூடுதான் பேட்டரியைத் தின்கிறது.

மெஷினை விட மாஸ்க்குக்கு அதிக நேரம் கொடுங்கள். கடையில் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பது பிரயோஜனப்படாது. படுத்து, மெஷினை ஓடவிட்டு, ஒருக்களித்துத் திரும்பிப் பார்க்க வேண்டும். காற்று கசிந்தால் உடனே வாரை இறுக்காதீர்கள். மாஸ்க்கை முகத்திலிருந்து லேசாக முன்னால் இழுத்து விட்டால் சிலிக்கான் உப்பி, தானே படியும். ரொம்ப இறுக்கினால் அந்த மடிப்பு நசுங்கி இன்னும் கசியும்; மூக்குத்தண்டும் புண்ணாகும். நம்மூர் வியர்வைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் மாஸ்க் வழுக்கும், படுக்கும் முன் முகம் கழுவுவது கட்டாயம். அடர்ந்த தாடிக்கு முழுமுக மாஸ்க் சரியாக ஒட்டாது. வாயைத் திறந்து தூங்காதவர் என்றால் மூக்குத்துளையில் பொருந்தும் மாஸ்க்கை முதலில் முயலுங்கள். ராத்திரிக் கசிவு நிமிஷத்துக்கு 24 லிட்டருக்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது ஹியூமிடிஃபயர் தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணீரை ஊற்றினால் சில நாளிலேயே தொட்டியின் அடித்தகட்டில் வெள்ளையாக உப்புப் பொருக்கு ஏறும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. அப்புறம் தண்ணீர் சரியாகச் சூடேறாது. ஒரு பங்கு வினிகருக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்தால் கரையும். தொட்டி 380 மில்லி பிடிக்கும்; ராத்திரிக்கு ஒரு தொட்டி என்றால் 5 லிட்டர் கேன் 13 நாள் வரும். தண்ணீரோடு மெஷினைத் தூக்கிச் சாய்த்தால் மோட்டாருக்குள் இறங்கிவிடும், இதற்கு வாரண்டி பேசவே முடியாது. கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்க வேண்டாம். கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையை மெஷின் அப்படியே உறிஞ்சி நெஞ்சுக்குள் தள்ளும். ஃபில்டரை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மணல் பறக்கும் ஊரில் மாதாமாதம் எடுத்துப் பாருங்கள். அதைக் கழுவிப் போடக்கூடாது.

பணத்துக்கு வருவோம். முடிந்தால் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து, மாஸ்க் பழகியபின் வாங்குங்கள். சொல்லும் விலையில் மாஸ்க்கும் ஹியூமிடிஃபயரும் சேர்த்தியா என்று கேட்டு, சீரியல் எண்ணோடு பில் வாங்குங்கள். ரிப்பேருக்கு மதுரைக்குக் கொண்டுபோக வேண்டுமா, மாற்று மெஷின் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் இந்த மெஷின் பெரும்பாலும் சேராது. சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) அட்டைக்காரர்கள் முன்அனுமதி வாங்கிவிட்டே வாங்க வேண்டும்.

துபாயிலிருந்து மச்சான் வாங்கி வருகிறார் என்றால், ஓடுவதில் சிக்கல் இல்லை, அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். இங்கே வாரண்டி கிடைப்பதுதான் கஷ்டம். செகண்ட் ஹேண்டில் பிலிப்ஸின் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் மலிவாக வந்தால் தொடாதீர்கள். உள்ளே சத்தம் அடக்க வைத்த ஃபோம் உதிர்ந்து மூச்சில் போகக்கூடும் என்று 2021 ஜூனில் கம்பெனியே திரும்பப் பெற்ற மெஷின் அது. வெக்கையும் ஈரக்காற்றும் அந்த ஃபோமை இன்னும் சீக்கிரம் கெடுக்கும்.