30000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கப் போகிறவர்கள் முதலில் எடையைப் பாருங்கள்

ஆன்லைனில் 30000 எம்ஏஎச் (mAh, பேட்டரியின் கொள்ளளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டு, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பவர் பேங்க் விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். கார்ட்டில் போட்டு வைத்திருக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என் போன் பேட்டரி 5000 எம்ஏஎச். இப்படிப்பட்ட போனை ஆறு தடவை முழுசாகச் சார்ஜ் செய்யலாம் என்று விளம்பரத்தில் படம் போட்டிருந்தார்கள். ஆறு நடக்காது, நாலு தடவையாவது வரும் என்ற கணக்கில்தான் வாங்கினேன். வந்தது ஒன்று. இரண்டாவது தடவை போன் பதினைந்து சதவீதத்தைத் தொடுவதற்குள் பவர் பேங்க் அணைந்துவிட்டது.

விற்பனையாளரிடம் கேட்டால், "வோல்டேஜ் மாறும்போது இழப்பு வரும் சார், எல்லா பவர் பேங்கும் இப்படித்தான்" என்று பதில். இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் பலபேர் இதோடு விட்டுவிடுகிறார்கள். உண்மையான பாதி இது: உள்ளே இருக்கிற லித்தியம் செல் சராசரியாக 3.7 வோல்ட், யூஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட். பெட்டியில் போடுகிற எம்ஏஎச் எல்லாம் செல்லின் வோல்டேஜில் சொல்லப்படும் கணக்கு. 30000-ஐ 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 111 வாட் அவர் (Wh), அதாவது உள்ளே அடங்குகிற மொத்த ஆற்றல். அதையே 5 வோல்ட்டில் சொன்னால் 22200 எம்ஏஎச். வோல்டேஜை ஏற்றித் தருகிற சர்க்யூட் சூடாவதில் ஒரு பத்துப் பதினைந்து சதவீதம் போகும். ஆக, யோக்கியமான ஒரு 30000 பவர் பேங்க் வெளியே சுமார் 19000 கொடுக்கும். ஒழுங்கான கம்பெனிகள் இந்த இரண்டாவது எண்ணையும் பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று அச்சடிப்பார்கள். என்னுடையதில் அப்படி ஒரு வரியே கிடையாது. யூஎஸ்பி மீட்டர் ஒன்றை நடுவில் செருகி அளந்து பார்த்தேன், 5000-ஐ ஒட்டி நின்றுவிட்டது. இதுவும் இழப்பா? கிட்டத்தட்ட முக்கால் பங்கு எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை, ஆரம்பத்திலிருந்தே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள மீட்டர்கூடத் தேவையில்லை, விற்பனைப் பக்கத்தில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்: "எடை வெறும் 260 கிராம்". அதை ஒரு சிறப்பம்சமாக வேறு போட்டிருக்கிறார்கள்! லித்தியம் செல்லில் ஒரு கிலோவுக்கு நல்ல தரத்தில் 250 வாட் அவர் அளவுக்குத்தான் அடைக்க முடியும். 111 வாட் அவருக்குச் செல் மட்டுமே 440 கிராம் வேண்டும், அதற்கு மேல் சர்க்யூட், பிளாஸ்டிக் கூடு. உருளையான 18650 செல்லாக வைத்துப் பார்த்தாலும் இதே கதைதான். ஒரு செல் 45 கிராமுக்கு மேல், நல்ல செல்லே 3500 எம்ஏஎச் வரைதான், எனவே ஒன்பது செல்லாவது இருக்கவேண்டும். 260 கிராமில் கூடு, சர்க்யூட் போக நாலு செல் இருந்தாலே பெரிய விஷயம். இன்னொரு வேடிக்கை, அதே பக்கத்தில் "விமானத்தில் தாராளமாக எடுத்துச் செல்லலாம்" என்றும் இருக்கிறது. விமானத்தில் கேட்காமல் கைப்பையில் கொண்டுபோக வரம்பு 100 வாட் அவர், அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 30000 உண்மை என்றால் விமான வாக்கியம் பொய், விமான வாக்கியம் உண்மை என்றால் 30000 பொய்.

ஆனால் எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், உள்ளே மணலோ இரும்புத் துண்டோ வைத்து எடை ஏற்றுகிறவர்களும் உண்டு. அதற்கு இன்னொரு வழி, சார்ஜ் ஏறுகிற நேரம். இன்புட் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது 10 வாட். 111 வாட் அவரை 10 வாட்டில் நிரப்ப, இழப்பே இல்லையென்றாலும் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகவேண்டும். என்னுடையது முழுசாகக் காலியான பிறகு போட்டால் நாலு மணி நேரத்துக்குள் 100 காட்டிவிடுகிறது. இதை "அதிவேக சார்ஜிங்" என்று ரிவ்யூவில் பாராட்டி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார் ஒரு புண்ணியவான்.

அந்த 100-ஐப் பற்றியும் சொல்லவேண்டும், எனக்கு அதிக எரிச்சல் அதில்தான். முன்பக்கத்தில் அழகாக டிஜிட்டல் எண் ஒளிர்கிறது. ஆனால் எதில் நூறு? குடமும் நூறு சதவீதம் நிரம்பும், டம்ளரும் நூறு சதவீதம் நிரம்பும். அந்த எண்ணும் ஒழுங்காக இறங்குவதில்லை, எண்பதிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்து திடீரென்று முப்பதுக்கு விழும். லித்தியம் செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் அதிகம் மாறாது, கடைசியில்தான் சரியும். மலிவான சர்க்யூட் அந்த வோல்டேஜை மட்டும் பார்த்துக் குத்துமதிப்பாக ஓர் எண்ணைக் காட்டுகிறது. உள்ளே போகிற வருகிற மின்னோட்டத்தை எண்ணிக் கணக்கு வைக்கிற சிப்பெல்லாம் இருக்கிறது, போட்டால் செலவு. கெப்பாசிட்டியை வாட் அவரில் திரையிலேயே காட்டினால் பாதி மோசடி அன்றைக்கே நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

ரிவ்யூக்களை நம்பாதீர்கள். பெரும்பாலும் பார்சல் வந்த அன்றே எழுதியவை: சீக்கிரம் வந்தது, பார்க்க நன்றாக இருக்கிறது, போன் சார்ஜ் ஆகிறது. எத்தனை தடவை ஆகிறது என்பது அன்று தெரியாது, தெரிவதற்குள் ரிட்டர்ன் நாள் முடிந்துவிடும். நான் புகார் கொடுத்தபோது முழு சார்ஜிலிருந்து காலியாகும் வரை வெட்டாத வீடியோ கேட்டார்கள், எத்தனை மணி நேர வீடியோ என்று அவர்களுக்கே தெரியுமோ என்னவோ. பிரித்து உள்ளே போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்று இன்னொருவர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், ஸ்க்ரூடிரைவர் செல்லைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

இப்போது அதே கூடு வேறு பெயரில் 50000 எம்ஏஎச் என்று வந்திருக்கிறது. பழைய விற்பனையாளர் போன வாரம் மெசேஜ் போட்டார், நான் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறாராம். மீட்டர் படத்தையும் சேர்த்து ரிவ்யூவை இன்னும் நீளமாக்கி வைத்திருக்கிறேன்.